நான்கு பேர் மட்டும் ஏறலாம்

என் பணிக்காலத்தில் நான் அதிகம் சொன்ன வாக்கியம் தமிழில் இல்லை. "தோடா பாஜூலா வ்ஹா." கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ளுங்கள் என்று மராத்தியில் அர்த்தம். கேமராவில் கண்ணை வைத்தபடி இடது கையைத் தூக்கி, ஈ ஓட்டுவதுபோல் இரண்டு முறை ஆட்டி இதைச் சொல்வேன். கோட்டை வாசலில் நிற்கும் காதல் ஜோடி, வெள்ளரிக்காய் விற்பவர், சுற்றுலா வந்த பள்ளி வாத்தியார், ஒருமுறை ஒரு போலீஸ்காரர்கூட அந்தக் கைக்குக் கட்டுப்பட்டு ஒதுங்கியிருக்கிறார்கள். அவ்வளவு அதிகாரமான கை.

ஞாயிற்றுக்கிழமைகளில் கேமராப் பையோடு என் வீட்டுக்கு வந்து, டீ குடித்துவிட்டு, என் பழைய படங்களைப் புரட்டிப் பார்க்கிறீர்கள் நீங்கள். கல்யாணம், கச்சேரி, பிறந்தநாள் என்று இப்போதுதான் தொழிலில் இறங்கியிருக்கிறீர்கள். போன வாரம் உங்களில் ஒருத்தி, "மேடம், நீங்க எடுத்ததுலயே உங்களுக்குப் பிடிச்ச படம் எது?" என்று கேட்டாள். அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்து போய்விட்டேன். பால் பொங்கவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் நான் செய்த முட்டாள்தனத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், அதுதான் காரணம். இப்போது எழுதித் தருகிறேன். தமிழ் படிக்கத் திணறுகிறவர்களுக்கு மற்றவர்கள் வாசித்துக் காட்டவும்.

பழைய கட்டடங்களைப் பதிவு செய்யும் ஓர் அலுவலகத்தில் நான் புகைப்படக்காரியாக இருந்தேன். புனேயைச் சுற்றியிருக்கும் கோட்டை, குகை, படிக்கிணறு, வாடா எனப்படும் பெரிய மர வீடுகள் என எல்லாவற்றையும் நாலு பக்கமும் எடுத்துக் கோப்பில் சேர்க்க வேண்டும். சேர்ந்த முதல் நாளே என் மேலதிகாரி சொன்னார்: "படத்துல ஒரு ஆள் வந்துட்டா, பாக்கிறவன் கண்ணு ஆள்மேலதான் போகும். கட்டடத்தை எவனும் பாக்க மாட்டான்." அந்த வேலைக்கு அது சரியான விதி. நானும் விதியை வேதமாக்கிக்கொண்டேன்.

எவ்வளவு தூரம் என்றால், பாதாளேஸ்வர் குகைக் கோயிலில் ஒருநாள் தூண் வரிசையை எடுக்க நின்றேன். ஒரு பெரியவர் தூணோரம் அமர்ந்திருந்தார். கும்பிட வந்தவரிடம் கையை ஆட்டக் கூடாது என்று அன்றைக்கு எனக்கு நல்ல புத்தி. காத்திருந்தேன். அரை மணியாயிற்று, முக்கால் மணியாயிற்று, மனிதர் அசையவில்லை. கடைசியில் அவரே எழுந்து வந்து, "பாய், நீங்கள் எடுத்து முடித்தால் நான் எழுந்து போவேன். குறுக்கே போனால் உங்கள் படம் கெட்டுவிடுமே என்று உட்கார்ந்திருக்கிறேன். வீட்டில் சாப்பாடு ஆறுகிறது" என்றார். பாய் என்றால் மராத்தியில் அம்மா என்பதுபோல. என் முகத்தில் அசடு வழிந்தது. ஆனால் பாடம் படித்தேனா என்றால் இல்லை. அவர் போனதும் தூணை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஓய்வு பெற்ற பிறகு என் ஸ்கூட்டரின் சீட் கிழிந்தது. ஏரவாடாவில் சீட் கவர் தைக்கும் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் மேலப்பாளையத்துக்காரர். எங்களுக்கும் திருநெல்வேலிப் பக்கம்தான் பூர்வீகம் என்றதும் நாற்காலி வந்தது, டீ வந்தது, பின்னாலேயே அவர் மகன் சலீமும் வந்தான். புனேயிலேயே பிறந்த பிள்ளை. இந்தியும் மராத்தியும் தண்ணீர் பட்டபாடு, தமிழ்தான் நொண்டும்.

"ஆன்ட்டி, நீங்க போட்டோ எடுப்பீங்கன்னு வாப்பா சொன்னாங்க. பில்டிங் எல்லாம்?"

"ஆமா. பில்டிங் மட்டும்தான்."

"எங்களுக்கும் எடுங்களேன். நாங்க நாலு பேர், ராக் பேண்ட். பஹலா ஆல்பம் வருது. அட்டைக்கு ஃபோட்டோ வேணும், பழைய ஜாகால."

பஹலா என்றால் முதல், ஜாகா என்றால் இடம். பேண்டின் பெயர் 'பாச்வா மஜலா'. ஐந்தாம் மாடி என்று பொருள். நாலு மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியில், தகரக் கூரைக்கடியில் ஒத்திகை என்பதால் அந்தப் பெயர். நான் பாட்டுக் கேட்கப் போன அன்று மழை வேறு. எது தகரத்தில் மழை, எது சலீம் அடிக்கும் டிரம் என்று பிரித்தறிய எனக்கு ஒரு பாட்டு முழுக்கப் பிடித்தது. இரண்டாவது பாட்டில் காது பழகி, மூன்றாவதில் என் காலும் தாளம் போட்டது. பாடுகிறவள் கேதகி, மகர்பட்டாவில் கம்ப்யூட்டர் வேலை. கிடார் அவள் அண்ணன் நிகில். நாலாவது ஆள் சௌரப், ரஞ்சன்காவ் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. பேஸ் கிடார் வாசிப்பவன். அதிகம் பேச மாட்டான்.

அவர்களுடைய பழைய படங்களை வாங்கிப் பார்த்தேன். கச்சேரியில் நண்பர்கள் எடுத்தவை. எல்லாவற்றிலும் கேதகி இருந்தாள், தலைமுடி பறக்கும் நிகில் இருந்தான், சலீமின் குச்சிகள் இருந்தன. சௌரப்பைத் தேட வேண்டியிருந்தது. ஒன்றில் கேதகிக்குப் பின்னால் ஒரு தோள். இன்னொன்றில் கிடார் பிடித்த கை மட்டும்.

"அது நான்தான் மேடம்," என்றான். "ஆயி ஒவ்வொரு தடவையும் கேப்பாங்க, இதுல நீ எங்கடான்னு. நான் விரலை வெச்சுக் காட்டுவேன். நான் பேண்ட்ல இருக்கேனா, இல்ல சாமான் தூக்கப் போறேனான்னு அவங்களுக்கு இன்னும் சந்தேகம்." ஆயி என்றால் அவன் அம்மா. இவன் மராத்தியில் சொன்னதை உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்கு மனசு கேட்கவில்லை. "இந்தத் தடவை உங்க அம்மா தேட வேண்டாம், நான் பொறுப்பு" என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்த வாக்கை நான் காப்பாற்றிய லட்சணத்தைத்தான் இனி சொல்லப் போகிறேன்.

இடத்தை நான்தான் தேர்ந்தெடுத்தேன். பழைய பேட்டைப் பகுதியில் ஒரு வாடா. அதன் தலைவாசலுக்கு மேலே மரத்தாலான ஒரு மாடம் உண்டு. நகார்கானா என்பார்கள். அந்தக் காலத்தில் அங்கே உட்கார்ந்து முரசு கொட்டி, ஷெனாய் வாசித்திருக்கிறார்கள். முற்றத்தைப் பார்த்து மூன்று வளைவுகள். அலுவலகத்துக்காக அதைப் பலமுறை எடுத்திருக்கிறேன். கோப்பில் 'தற்போதைய பயன்பாடு' என்று ஒரு கட்டம் வரும். அதில் 'இல்லை' என்று எழுதியதும் நான்தான். அலைந்து திரிந்து அனுமதி வாங்கினோம். இரண்டு ஞாயிறு, காலை ஏழு முதல் எட்டு வரை.

முதல் ஞாயிறு வெயில் அருமையாக இருந்தது. நால்வரையும் வாசலுக்கு முன்னால் நிறுத்தினேன். பின்னால் போனேன். இன்னும் பின்னால் போனேன். மேல் மாடத்தின் கூரை நுனி வெட்டுப்படக் கூடாதே. மரத்தூண் நிமிர்ந்து வர வேண்டுமே. செதுக்கு வேலை மேல் வெயில் விழும் அந்தக் கணத்துக்காகக் காத்திருந்தேன். வந்தது. கண்ணைக் கேமராவில் வைத்தேன். கதவின் அழகான பித்தளைக் குமிழ்களை யாரோ மறைத்துக்கொண்டு நின்றார்கள். என் இடது கை தானாக எழுந்தது.

"தோடா பாஜூலா வ்ஹா!"

சௌரப் மரியாதையாக இரண்டடி ஒதுங்கினான். மற்ற மூவரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரை ஒதுங்கச் சொன்னேன் என்று எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.

மறுநாள் படங்களைக் காட்டினேன். கேதகி நல்ல வளர்ப்பு. முதலில் பாராட்டினாள். "வாடா கூப் சான் ஆலாய், மேடம்." வாடா ரொம்ப அழகாக வந்திருக்கிறது. பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "நாங்கள் எங்கே?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. உங்களுக்கு நிற்கத் தெரியவில்லை, உடுப்பெல்லாம் கறுப்பு, நிழலில் கலந்துவிட்டது என்று ஏதேதோ சொன்னேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவர்கள் போன பிறகு தனியாக உட்கார்ந்து பார்த்தேன். அந்தக் காலத்தில் கட்டடத்தின் உயரம் தெரிவதற்காகப் பக்கத்தில் கறுப்பும் வெள்ளையும் பூசிய அளவுகோல் ஒன்றை நட்டு எடுப்போம். நால்வரும் அப்படியே நின்றார்கள், நாலு அளவுகோல்களாக. அதிலும் சௌரப், நான் ஒதுக்கிய இரண்டடியில் பாதி நிழலுக்குள் போயிருந்தான். வெட்கமாக இருந்தது. வாக்குக் கொடுத்துவிட்டு, கையை ஆட்டி விரட்டியவள் நான்.

கேதகியைக் கூப்பிட்டு, என் தப்புத்தான் என்றேன். அடுத்த ஞாயிறு மேலே மாடத்துக்கே போய், முகத்துக்கு நேராகப் பக்கத்தில் நின்று எடுப்போம் என்றேன். சரி என்றாள். சனிக்கிழமை சலீமிடமிருந்து போன்.

"ஆன்ட்டி, சௌரப்புக்கு டிரான்ஸ்ஃபர். சென்னைப் பக்கம், ஸ்ரீபெரும்புதூர். அடுத்த மாசம்னு சொன்னாங்க, இப்ப உடனே வரச் சொல்லிட்டாங்க. நாளைக்குச் சாயங்காலம் ட்ரெயின்."

"அப்ப நாளைக்குக் காலைதான் இருக்கு."

"ஆமா. ஒரே ஒரு கண்டா." கண்டா என்றால் மணி நேரம்.

ஞாயிறு காலை பெய்த மழையை மழை என்று சொன்னால் போதாது. நால்வரும் நனைந்த பைகளோடு வந்து சேரவே ஏழேகால். மாடத்துக்கு ஏறும் மரப்படியில் காவல்காரர் மாமா குறுக்கே நின்றார். எனக்கு வருடக்கணக்காகத் தெரிந்தவர். சுவரில் மாட்டியிருந்த பலகையைக் காட்டினார். ஒரே நேரத்தில் நான்கு பேர் மட்டும் ஏறலாம்.

"தெரியும் மாமா. நாலு பேர்தானே" என்றேன்.

அவர் விரல் விட்டு எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவது விரலை என் பக்கம் நீட்டினார். "பாச்வா நாஹி." ஐந்தாவது கிடையாது.

இந்தத் தவறு நம் தொழிலில்தான் நடக்கும். தலையை எண்ணும்போது படம் எடுக்கிறவள் தன்னை எண்ணுவதே இல்லை. நாமும் எடையுள்ள மனிதர்கள், நாமும் ஓர் இடத்தில் நின்றாக வேண்டும் என்பது மறந்தே போகும். ஒரு வாரமாக யோசித்தேன், ஒரு தடவைகூட ஐந்து என்று எண்ணவில்லை.

மணி ஏழரை. கேதகி என் காதோடு சொன்னாள்: "மாமா இப்போது டீ குடிக்கப் போவார். சட்டென்று ஏறிவிடலாம்." நிகிலிடம் வேறு யோசனை இருந்தது. "யாராவது ஒருத்தர் கீழே நிற்கட்டும். தனியாக எடுத்து அப்புறம் கம்ப்யூட்டரில் ஒட்டிக்கொள்ளலாம்."

சௌரப்தான் பேசினான். "என்னை ஒட்டிக்கோங்க மேடம். எனக்குப் பழக்கம்தான்."

அவன் குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே விட்டுக்கொடுத்தான். அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

இப்போது நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்? நான் ஏறிவிடலாம் என்றுதான் நினைத்தேன். மறைக்காமல் சொல்கிறேன், ஒரு காலை முதல் படியில் வைத்தும் விட்டேன். ஆனால் அந்தப் பலகை அங்கே தொங்கக் காரணமே நான் எடுத்த படம்தான். சில வருடங்களுக்கு முன் மாடத்தின் அடிப்பக்கத்தைப் பதிவு செய்தபோது, உத்தரத்தின் ஒரு முனை உளுத்துப்போயிருந்ததை நெருக்கமாக எடுத்துக் கொடுத்தேன். அதைப் பார்த்துத்தான் பொறியாளர் நான்கு பேர் என்று கணக்குச் சொன்னார். இப்போது நானே ஏறினால் வேலியே பயிரை மேய்ந்த கதையாகிவிடும். ஏதாவது ஆனால் விழப்போவது நான் மட்டுமா? காலை எடுத்துவிட்டேன்.

"நாலு பேரும் ஏறுங்க. ஒட்டுற வேலையெல்லாம் வேண்டாம். நான் கீழயே நிக்கிறேன்."

"கீழேயிருந்து எடுத்தால் போன வாரம் மாதிரி ஆகிவிடுமே மேடம்" என்றாள் கேதகி. நியாயமான பயம். ஆனாலும் ஏறுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

முற்றத்தின் எதிர்ப்பக்கத்தில் தண்ணீர் விழாத ஒரு தூணோரம் எனக்குத் தெரியும். எத்தனையோ காலைகளில் ஆள் ஒதுங்கக் காத்து நின்ற இடம். அங்கே போய் நின்றேன். மேலே அவர்கள் இடம் பிடித்தார்கள். இடது வளைவில் சலீம், நடுவில் கேதகியும் நிகிலும். கடைசியாக ஏறிய சௌரப்புக்கு வலது வளைவு தனியாகக் கிடைத்தது. நான் கத்தியது மழையில் அவர்களுக்குக் கேட்கவில்லை. இப்படித் திரும்பு, அப்படி நில் என்று சொல்ல வழியே இல்லாமல் போயிற்று.

சலீமுக்குச் சும்மா இருக்க வராது. பையிலிருந்து குச்சிகளை எடுத்து, துணி சுற்றி வைத்திருந்த தன் சின்ன டிரம்மை மடியில் வைத்து மெல்லத் தட்டினான். அந்த மரத்தரையும் மரக்கூரையும் சேர்ந்து ஓசையை வாங்கி முற்றத்தில் கொட்டின. மின்சாரம் கிடையாது, ஒலிபெருக்கி கிடையாது. சலீமே திடுக்கிட்டு நிறுத்தினான். பிறகு சிரித்துக்கொண்டு ஓங்கித் தட்டினான். நிகில் சாதாரணக் கிடாரை எடுத்தான். சௌரப்பின் பேஸ் மின்சாரமில்லாமல் கேட்காது. அவன் அதை ஓரமாக வைத்துவிட்டு, வளைவின் மரச்சட்டத்தில் இரண்டு உள்ளங்கையாலும் தாளம் போட ஆரம்பித்தான். அடிவயிற்றுக்குள் கேட்கும் தாளம். கேதகி பாடினாள். இத்தனை வருடம் இதை ஒரு வாசல் என்றும், மூன்று வளைவு என்றும், இன்ன மரம் என்றும் எடுத்துக்கொண்டிருந்தேனே, இது வாசிப்பதற்காகக் கட்டிய இடம் என்று காதால் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

தெருவில் மழைக்கு ஓடியவர்கள் சத்தம் கேட்டு வாசலுக்குள் ஒதுங்கினார்கள். பால் வண்டிக்காரர், பூக்கூடையோடு ஒரு பெண்மணி, குடையோடு நடைப்பயிற்சிக்காரர் ஒருவர். பிறகு நனைந்தாலும் பரவாயில்லை என்று ஒவ்வொருவராக முற்றத்துக்கே வந்து, மாடத்தின் பக்கம் திரும்பி அண்ணாந்து பார்த்தார்கள். என் படத்தின் கீழ்ப்பாதி முழுக்க முதுகும் தலையும் குடையும்.

மணி எட்டாகப் பத்து நிமிடம். என் இடது கை எழுந்தது.

எழுந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். "தோடா" வரைக்கும் வாயில் வந்துவிட்டது. அப்போது மேலே சௌரப் தட்டிக்கொண்டே குனிந்து கீழே பார்த்தான். தன்னைப் பார்ப்பவர்களைப் பார்த்தான். பூக்காரப் பெண்மணி அவனைப் பார்த்துத் தலையாட்டினாள். அவன் முகம் மலர்ந்தது. இவர்களை ஒதுக்கினால் அந்த முகமும் போய்விடும் என்று எனக்குப் புரிந்தது. தூக்கிய கையைக் கேமராவுக்கு அடியில் கொண்டுபோய்ப் பிடித்துக்கொண்டேன். எடுத்தேன்.

காவல்காரர் மாமா சரியாக எட்டுக்கு மணியைக் காட்டினார். டீ குடிக்க அவர் போகவே இல்லை. அவரும் படத்தில் இருக்கிறார், ஓரத்தில், வாயைப் பிளந்துகொண்டு.

அன்று மதியமே தெரிந்த கடையில் பெரிய பிரிண்ட் ஒன்று போட்டேன். பின்பக்கம் எதையாவது எழுதித் தர வேண்டும் என்று தோன்றியது. சௌரப் போகிற ஊரில் படித்துச் சொல்ல ஆள் கிடைக்கும் என்று தமிழிலேயே எழுதினேன். 'நகார்கானா. தற்போதைய பயன்பாடு: உண்டு. காலை ஏழு முதல் எட்டு வரை.' அலுவலகக் கோப்பில் நான் எழுதியதை இனித் திருத்த முடியாது. இதையாவது சரியாக எழுதலாமே.

சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் போனேன். மூவரும் வந்திருந்தார்கள். சௌரப்பின் அம்மா ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து, சாப்பாட்டுப் பையை மடியில் வைத்திருந்தார். சௌரப் என்னை அறிமுகப்படுத்தினான். பிரிண்டை அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

சௌரப் பழக்கதோஷத்தில் விரலை நீட்டிக்கொண்டு குனிந்தான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த அம்மாள் குடைகளைப் பார்த்தார், பால் வண்டியைப் பார்த்தார், பூக்காரியைப் பார்த்தார். கீழே இருக்கிற எல்லோரும் எங்கே பார்க்கிறார்கள் என்று அவர் பார்வையும் மேலே போயிற்று. வலது வளைவுக்கு வந்து நின்றது.

"ஹா மாஜா," என்றார். இவன் என் பிள்ளை.

பக்கத்தில் பெட்டியோடு நின்றிருந்த முன்பின் தெரியாத ஒருவரிடம் படத்தைத் திருப்பிக் காட்டி இன்னொரு முறையும் சொன்னார். நான் இரண்டடி ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.